யாருடன் என்ற கேள்வியில் ஒளிந்துகொண்ட கட்சி

2004 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தின் ஆராம்பாக் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் அனில் பாசு 5,92,502 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இந்திய மக்களவைத் தேர்தல்களில் அதுவரை எவரும் பெற்றிராத வித்தியாசம் அது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே தொகுதியில் திரிணாமுல் காங்கிரஸ் 1,142 வாக்குகளில் பா.ஜ.க.விடமிருந்து தப்பிப் பிழைத்தது. மார்க்சிஸ்ட் கட்சி வைப்புத்தொகையை இழந்து மூன்றாமிடத்தில் கிடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆராம்பாக்கில் புதிய மக்கள் குடியேறிவிடவில்லை. அதே உருளைக்கிழங்கு வயல்கள், அதே குத்தகையாளர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஆறு லட்சம் வாக்கு வித்தியாசம் எங்கே போயிற்று என்பது தேர்தல் கணிதத்துக்குள் அடங்கும் கேள்வியாக இருந்திருந்தால் அதற்கு எப்போதோ விடை கிடைத்திருக்கும்.

ஆனால் 2011இல் ஆட்சியை இழந்த நாள்முதல் அக்கட்சி தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருப்பது கணிதக் கேள்வியைத்தான். யாருடன் சேர்வது? முதல் எதிரி திரிணாமுலா, பா.ஜ.க.வா? காங்கிரசுடன் தொகுதிப் பங்கீடா, உடன்பாடா, கூட்டணியா? இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை வரையறுப்பதற்காகவே மத்தியக் குழு எத்தனை அமர்வுகளைச் செலவிட்டது என்பதை நினைத்தால் வியப்பே மிஞ்சும். தோற்ற கட்சிக்கு உத்தி வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வங்கத்து மார்க்சிஸ்டுகளுக்கு உத்தி என்பது தோல்வியை ஆராய்வதற்குப் பதிலாக வந்தமர்ந்த ஒன்று. யாருடன் என்ற கேள்விக்குள் புகுந்துகொண்டால், யாருக்காக என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடும்.

வரிசையைப் பார்த்தால் போதும். 2015 டிசம்பரில் கொல்கத்தாவில் அமைப்பு குறித்த பிளீனத்தைக் கட்சி கூட்டியது. மக்களிடம் திரும்புவது, கிளைகளைச் சீரமைப்பது, துரு ஏறிய அணிகளைப் புதுப்பிப்பது என்று அங்கே பேசப்பட்டவை யாவும் நியாயமானவை. ஓரிரு மாதங்களுக்குள் அவை அத்தனையும் ஓரம்போய், காங்கிரசுடன் எத்தனை தொகுதிகள் என்பதே பேச்சாயிற்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு 44, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 26. தோள் கொடுத்தவன் முதன்மை எதிர்க்கட்சியானான், தோளுக்குரியவன் மூன்றாமவனானான். 2019இல் பேச்சு முறிந்தது; இடது முன்னணிக்கு மக்களவையில் ஓர் இடமும் இல்லை. 2021இல் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு பிறந்த இந்திய மதச்சார்பற்ற முன்னணியையும் சேர்த்துக்கொண்டு ‘சம்யுக்த மோர்ச்சா’ அமைந்தது. விளைவாக, விடுதலைக்குப் பிறகு முதன்முறையாகக் கம்யூனிஸ்ட் ஒருவர்கூட இல்லாத சட்டமன்றத்தை வங்கம் கண்டது. அக்கூட்டணியில் வென்ற ஒரே இடம் பாங்கர். அதுவும் அந்தப் புதிய கட்சிக்கு. 2023இல் சாகர்திகி இடைத்தேர்தலில் இடதுசாரிகள் உழைத்து வெற்றிபெற வைத்த காங்கிரஸ் வேட்பாளர் மூன்றே மாதங்களில் திரிணாமுலில் போய்ச் சேர்ந்தார். 2024இல் மீண்டும் காங்கிரசுடன், மீண்டும் பூஜ்யம். அதே தேர்தலில் கேரளத்தின் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து இடதுசாரி வேட்பாளர் நின்றார் என்பதை வங்கத்துக் கிளைச் செயலாளர் எந்த முகத்தோடு விளக்கியிருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம்.

கூட்டணி கூடாது என்பதல்ல இங்கே வாதம். உள்ளே ஒன்றுமில்லாதபோது வெளியே எதைச் சேர்த்தாலும் கூட்டுத்தொகை அப்படியேதான் இருக்கும்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அரசியல் அறிஞர் துவைபாயன் பட்டாச்சார்யா கையாண்ட ‘கட்சிச் சமூகம்’ என்ற கருத்து உதவும். வங்கத்துக் கிராமத்தில் சாதிச் சங்கமோ, மத அமைப்போ, பண்ணையார் வீட்டுத் திண்ணையோ தீர்த்துவைக்க வேண்டிய காரியங்களைக் கட்சி தீர்த்துவைத்தது. வரப்புத் தகராறு, குத்தகைப் பாகம், பள்ளிக்கூடச் சேர்க்கை, கணவன் மனைவி பிணக்கு வரை கட்சி அலுவலகத்துக்கு வந்தன. 1978இல் தொடங்கிய பர்கா நடவடிக்கை பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகையாளர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. அதே ஆண்டு நடந்த பஞ்சாயத்துத் தேர்தல், நிலவுடைமையாளன் கையிலிருந்த கிராமத்தை ஆசிரியரிடமும் சிறு விவசாயியிடமும் ஒப்படைத்தது. இவை வரலாற்றுச் சாதனைகள். அவற்றை மறுப்பவன் வங்கத்தை அறியாதவன். ஆனால் அந்தச் சாதனையின் நிழலில் வேறொன்றும் வளர்ந்தது. கட்சியின் அதிகாரம் நிலப் போராட்டத்திலிருந்து பிறந்தது என்பது மெல்ல மறக்கப்பட்டு, பஞ்சாயத்து முத்திரையிலிருந்து பிறப்பதாக ஆயிற்று. 2003 பஞ்சாயத்துத் தேர்தலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடங்களில் எதிர் வேட்பாளரே இல்லை. ஆராம்பாக்கின் அந்த 5.92 லட்சம் வித்தியாசத்திலும் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் கட்சிக்குள் அன்று எவரும் துணியவில்லை.

இத்தகைய ஊரில் கட்சி தோற்றால் தோற்பது ஆட்சி மட்டுமன்று. 2011 மே மாதத்துக்குப் பின் ஊர்விட்டு ஓடியவர்கள், அபராதம் கட்டி ஊருக்குள் திரும்பியவர்கள், கொடியிறக்கிப் பூட்டப்பட்ட அலுவலகங்கள் என்று மாவட்டம் மாவட்டமாகக் கதைகள் உண்டு. 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக, 20,000ஐத் தாண்டிய இடங்களில், திரிணாமுல் போட்டியின்றி வென்றது. இடதுசாரிகள் கற்றுக்கொடுத்த பாடத்தை மாணவர் மும்மடங்காக ஒப்பித்தார் என்று கசப்போடு சொல்லலாம். வேட்புமனு தாக்கல் செய்யப் போனவன் அடி வாங்கியபோது கொல்கத்தாவின் அலிமுதீன் தெருவிலிருந்து கண்டன அறிக்கை வந்தது, ஆள் வரவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததை எல்லோரும் அறிவர். 2014இல் 30 விழுக்காட்டை ஒட்டி இருந்த இடது முன்னணியின் வாக்கு 2019இல் எட்டுக்கும் கீழே வந்தது. பா.ஜ.க.வின் வாக்கு 17இலிருந்து 40க்கு உயர்ந்தது. திரிணாமுலின் வாக்கு குறையவில்லை, சற்றுக் கூடியது. யாதவ்பூர் வேட்பாளர் ஒருவரைத் தவிர இடது முன்னணியினர் அனைவரும் வைப்புத்தொகை இழந்தனர். ‘இம்முறை ராமர், பிறகு இடது’ என்று கிராமங்களில் ஓடிய முழக்கத்தை மாநிலத் தலைமை எதிரிகளின் கட்டுக்கதை என்றது. கட்டுக்கதைதான் என்றால் அந்த இருபத்திரண்டு விழுக்காடு ஆவியாகிப் போயிற்றா?

இதற்கு அறிவாளர் வட்டங்களில் எளிய விளக்கம் ஒன்று உலவுகிறது: அணிகள் மதவாதிகளாகிவிட்டனர், முப்பத்து நான்காண்டு ஆட்சி மேற்பூச்சுதான், சுரண்டினால் உள்ளே இந்துத்துவம். கொல்கத்தாவின் காபி இல்லத்தில் அமர்ந்து இதைச் சொல்வது சுலபம். ஓரளவு உண்மையும் அதில் உண்டு. ஆனால் 2019 தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் என்ன நடந்தது என்பதை நினைவுகூர வேண்டும். எட்டாண்டுகளாகத் திரிணாமுல் பூட்டிவைத்திருந்த மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகங்கள் பல மாவட்டங்களில் மீண்டும் திறக்கப்பட்டன. வைப்புத்தொகையைக்கூடக் காப்பாற்ற முடியாத கட்சியின் வலிமையாலா அவை திறந்தன? பா.ஜ.க. பதினெட்டு இடங்களை வென்றதால் உள்ளூர்த் திரிணாமுல்காரன் அஞ்சி ஒதுங்கினான். அந்த அச்சத்தில் செங்கொடி ஏறியது. அடிபட்ட தொழிலாளி முன்பே போட்டிருந்த கணக்கு இதுவே. அவன் தேடியது சித்தாந்தமன்று, துணை. தன் கட்சி தர முடியாத பாதுகாப்பை மத்தியில் ஆளும் கட்சி தரக்கூடும் என்று எண்ணினான். போன இடத்தில் தங்கியும்விட்டான். தங்கிய இடத்தின் மொழியையும் பேசக் கற்றுக்கொண்டான். மதவாதம் காரணமாக வரவில்லை, வாடகையாக வந்தது.

வன்முறைதான் எல்லாவற்றையும் அழித்தது என்ற சமாதானமும் நில்லாது. 1972 முதல் 1977 வரை இதே கட்சி இதனினும் கொடிய அடக்குமுறையைச் சந்தித்தது. அன்றும் அணிகள் ஊர்விட்டு ஓடினர், கொல்லப்பட்டனர். ஆனாலும் கட்சி எதிரியின் கூடாரத்துக்குள் கரைந்துபோகவில்லை. உபரி நிலத்துக்கான போராட்டத்தில் உருவான உறவு முத்திரையையும் இருக்கையையும் நம்பியதன்று. ஆகவே அவற்றோடு போய்விடவும் இல்லை. 2011இல் கட்சியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் 1977க்குப் பின் வந்தவர்கள். தோல்வி என்றால் என்னவென்று அறியாதவர்கள். கேரளத்து மார்க்சிஸ்டுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை தோற்பது பல பதிற்றாண்டுகளாகப் பழகிப்போயிற்று. கூட்டுறவுச் சங்கமும் வாசகசாலையும் தொழிற்சங்கமும் ஆட்சி போனாலும் அவர் கையில் இருக்கும். வங்கத்தில் ஆட்சிக்கு வெளியே கட்சி கட்டிவைத்தவை குறைவு. இருந்தவையும் ஆட்சியின் திண்ணையில் குந்தியிருந்தன.

இன்னொரு திசையிலிருந்தும் அறிவுரை வருகிறது. பா.ஜ.க.வைத் தடுப்பதே முதற்கடமை, ஆகவே மம்தாவோடு ஏதோவொரு புரிதலுக்கு வருக என்பது அது. 2020 நவம்பரில் பிகார் வெற்றிக் களிப்பில் சி.பி.ஐ. (எம்.எல்.) லிபரேஷனின் திபங்கர் பட்டாச்சார்யா, வங்கத்திலும் பா.ஜ.க.வே முதல் எதிரி என்று சொன்னபோது மார்க்சிஸ்ட் தலைவர்கள் கொதித்தனர். பதிலுக்கு அவர்கள் கண்டுபிடித்த சொல் ‘பிஜேமூல்’, பா.ஜ.க.வும் திரிணாமுலும் ஒன்றே என்பது அதன் பொருள். தேர்தலில் துடைத்தெறியப்பட்ட பின் அச்சொல் தவறென்று மாநிலத் தலைமையே ஒப்புக்கொண்டது. ஆனால் திபங்கரின் அறிவுரையும் பாதி உண்மைதான். டெல்லியிலிருந்து பார்த்தால் மம்தா பாசிச எதிர்ப்பு அணியின் ஒரு தூண். பிர்பூமில் மனு தாக்கல் செய்யப் போய்த் திரும்பியவனுக்கு அவர் தூணல்லர், தடி. அந்த மனிதனிடம் போய் ‘இந்தியாவைக் காக்க உன்னை அடித்தவனுக்கு வாக்களி’ என்று சொல்லும் கட்சி, அவனைப் பா.ஜ.க.விடம் தன் கையாலேயே கொண்டுபோய் விடுகிறது. எதிரிகளை வரிசைப்படுத்தும் வேலை மாநாட்டு மண்டபத்துக்கு உரியது. ஊரில் அவனுக்கு இருப்பது ஒரே எதிரி. அவன் அடுத்த தெருவில் குடியிருக்கிறான்.

எல்லாவற்றுக்கும் அடியில் சிங்கூர் கிடக்கிறது. 2006இல் 294இல் 235 இடங்களை வென்ற செருக்கில், 235க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டை எதிர்க்கட்சிக்கு நினைவூட்டிய புத்ததேவ் பட்டாச்சார்யா, 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தைக் கையிலெடுத்து 997 ஏக்கரை டாட்டாவுக்காகக் கையகப்படுத்தினார். 2007 மார்ச் 14இல் நந்திகிராமில் காவல்துறை சுட்டதில் பதினான்கு பேர் மடிந்தனர். 2008 அக்டோபரில் டாட்டா குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. 2016 ஆகஸ்ட் 31இல் சிங்கூர் நிலக் கையகம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவசாயிகளுக்கு நிலம் திரும்பியது. கான்கிரீட் ஊறிய மண் பழையபடி விளையவில்லை. 2023இல் டாட்டாவுக்கு 765.78 கோடி ரூபாய் இழப்பீடு தருமாறு நடுவர் மன்றம் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு ஆணையிட்டது. ஆலையும் இல்லை, வயலும் இல்லை, கடன் மட்டும் மாநிலத்தின் தலையில்.

இதில் கட்சியின் நிலை என்ன? அவ்வப்போது வழிமுறையில் பிழை நேர்ந்தது என்கிறது. நோக்கம் சரி என்கிறது. 2016 ஜனவரியில் சிங்கூரிலிருந்தே சால்போனிக்கு நடைபயணம் தொடங்கி, ஆட்சிக்கு வந்தால் ஆலை எழும் என்றது. எட்டு மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தக் கையகத்தையே தூக்கியெறிந்தது. 2021இல் சிங்கூரில் இளைஞர் சிருஜன் பட்டாச்சார்யாவை நிறுத்தி மீண்டும் தொழில், வேலை என்று பேசியது, மூன்றாமிடம் வந்தது. வேலை வேண்டும் என்பதில் பிழையில்லை. மூர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் இளைஞர்கள் திருப்பூருக்கும் பெரும்பாவூருக்கும் ரயில் ஏறிக்கொண்டிருக்கையில், தொழிற்சாலை வேண்டாம் என்று எந்தக் கட்சி சொல்ல முடியும்? ஆனால் யாருடைய நிலத்தில், யாருடைய ஒப்புதலோடு, நிலமற்ற கூலிக்கு என்ன கிடைக்கும், பதிவேறாத குத்தகையாளனுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகளுக்குப் பர்கா நடவடிக்கையை நடத்திய கட்சி இன்றுவரை முழுப் பதில் எழுதவில்லை. எழுதினால் இரண்டிலொன்று நேரும். தவறு என்று சொன்னால், ‘நானோ ஆலை வந்திருந்தால்’ என்று ஏங்கும் நகரத்து நடுத்தர வர்க்கம் முகம் சுளிக்கும். கட்சியின் எஞ்சிய கூட்டத்தில் பெரும்பகுதி அதுவே. சரி என்று சொன்னால், கிராமத்துக்குத் திரும்பும் பாதை அடைபடும். ஆகவே இரண்டையும் சொல்லாமல், காங்கிரசுக்கு எத்தனை இடம் என்று பேசுகிறது. தோற்ற கட்சியின் உண்மையான இக்கட்டு இதுவே. அரசியல் தலைமைக் குழுவின் தீர்மானங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

இந்த நகரத்துப் பார்வை பிற இடங்களிலும் வெளிப்படுகிறது. ‘லட்சுமிர் பண்டார்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிய பெண்களைப் பிச்சைக்கும் கையூட்டுக்கும் விலைபோனவர்கள் என்று இடதுசாரி அணிகளே ஏளனம் செய்தனர். இத்தகைய பேச்சு மக்களைக் கட்சியிடமிருந்து விலக்குகிறது என்று 2024 தேர்தல் பரிசீலனையில் கட்சி குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்டதற்குப் பாராட்டு. நெல் நடும் பெண்ணுக்குக் கிடைத்த ஆயிரம் ரூபாயைக் கம்யூனிஸ்ட் ஏளனம் செய்யலாகாது என்பதைக் கண்டறிய ஒரு பரிசீலனை அறிக்கை தேவைப்பட்டதே, அதுதான் வேதனை.

ஆசிரியர் நியமன ஊழல் விவகாரமும் அப்படியே. அதை நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களுள் முன்னின்றவர் அப்போது கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த வழக்குரைஞர் விகாஸ் ரஞ்சன் பட்டாச்சார்யா. ஊழல் மெய், அமைச்சராக இருந்தவரே சிறை சென்றார். 2025 ஏப்ரல் 3இல் உச்ச நீதிமன்றம் 25,753 நியமனங்களையும் ஒட்டுமொத்தமாக ரத்துசெய்தது. அந்நேரம் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு மதுரையில் நடந்துகொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன? ஆனால் கையூட்டுக் கொடுக்காமல் தேறியவர்களும் அதே தீர்ப்பில் தெருவுக்கு வந்தனர். அவர்கள் வீட்டு அடுப்பை அணைத்தவர்கள் மார்க்சிஸ்டுகள் என்று மம்தா கைகாட்டினார். நீதிமன்றத்தில் வென்ற கட்சி, அந்த ஆசிரியர் வீடுகளுக்குள் நுழைந்து பதில் சொல்லும் ஆள்பலம் இன்றி நின்றது. ஊழலை அம்பலப்படுத்த ஒரு வழக்குரைஞர் போதும். அதன் விளைவைத் தோளில் சுமக்க ஒரு கட்சி வேண்டும்.

இளைஞர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், நல்லவர்கள், துணிந்தவர்கள். பெருந்தொற்றில் ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ‘சிவப்புத் தொண்டர்கள்’ கட்சிக்கு வாக்களிக்காதவர் வீட்டுக்கும் போனார்கள். 2024 ஜனவரியில் மீனாட்சி முகர்ஜியின் தலைமையில் பிரிகேட் திடல் நிரம்பியது. ஜூனில் வாக்குப்பெட்டி நிரம்பவில்லை. அவ்வாண்டு ஆர்.ஜி.கர் மருத்துவமனைக் கொடுமைக்கு எதிராகக் கொல்கத்தா இரவெல்லாம் தெருவில் நின்றது. நவம்பர் இடைத்தேர்தல்களில் ஆறு தொகுதிகளையும் திரிணாமுலே அள்ளியது. திடலை நிரப்புபவர்கள் பேருந்திலேறி ஊர் திரும்பியதும் அங்கே அவர்களுக்கு யார் துணை என்பது திடலில் பேசப்படவில்லை.

இருந்தும் ஒரு சான்று எஞ்சுகிறது. 2023 பஞ்சாயத்துத் தேர்தல் இரத்தத்தில் நடந்தது. பலர் உயிரிழந்தனர், பெட்டிகள் குளத்தில் மிதந்தன. அத்தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி ஏறத்தாழ 3,000 கிராமப் பஞ்சாயத்து இடங்களை வென்றது. வாக்கு விகிதமும் 2021ஐவிடத் தெளிவாக உயர்ந்தது. அங்கே நின்றவர்கள் தொலைக்காட்சி முகங்களல்லர். மனு தாக்கலுக்கு நாற்பது பேர் கூட்டமாகப் போனவர்கள், வாக்குச்சாவடி வாசலில் பெண்களை முன்னிறுத்திக் காவல் காத்தவர்கள். யாருடன் சேர்வது என்பதை ஊருக்கு ஊர் அவர்களே முடிவுசெய்தார்கள்; பல இடங்களில் காங்கிரஸ்காரன், சில இடங்களில் சுயேச்சை, வேறு சில இடங்களில் தலைமை கேள்விப்படவே விரும்பாத கூட்டுகளும் உண்டு. ஓராண்டுக்குள் மக்களவைத் தேர்தல் வந்தது. தொகுதிப் பங்கீடு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் வாரக்கணக்கில் இழுபட்டது. அந்த மூவாயிரம் பேரும் தங்கள் தொகுதியில் சுவரெழுத வேண்டியது அரிவாள் சுத்தியலையா, கையையா என்பது தெரியாமல் வெள்ளையடித்த சுவரின் முன் காத்திருந்தார்கள்.